பேரவை ஓட்டிய லாரி

சப்ரீனுக்குக் கருத்துகள் அதிகம் என்று அவளுடைய அம்மா மாஜிதா சொல்வாள். பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த அல்வாவைப் பற்றிக்கூட அவள் ஒரு கருத்துச் சொன்னாள். அந்தச் சம்பந்தம் அல்வாவோடு நின்றுபோனது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியொன்றில் அவளுக்கு பில் போடும் வேலை. பில்லைப் பற்றி யாரும் கருத்துக் கேட்பதில்லை. அதனால் மிச்சமாகிற கருத்துகளையெல்லாம் வீடியோ கேம்களுக்கென்று சேர்த்து வைத்திருந்தாள். அதிலும் லினக்ஸுக்கு வருகிற கேம்களுக்கென்று.

லினக்ஸ் அவளிடம் வந்து சேர்ந்தது ஆசைப்பட்டு அல்ல. அண்ணன் நவாஸ் துபாய்க்குப் போகும்போது விட்டுப்போன லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. புது விண்டோஸை இது தாங்காது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றிக்கொள்ள லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, காசில்லாமல் கிடைக்கும், பிடிக்காததைத் திறந்து நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கோ படித்தாள். பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம் என்ற இடம் அவளுக்குப் பிடித்துப்போனது. ஏற்றிப் பார்த்தாள். லேப்டாப் எழுந்து உட்கார்ந்தது.

அதன் பிறகு லினக்ஸுக்கு எந்த கேம் வந்தாலும் ஆடிப் பார்த்து, இணையத்தில் தனக்கென்று வைத்திருந்த பக்கத்தில் நாலு வரி எழுதுவாள். ஆர்ப்பாட்டமாக வந்த ஒரு துப்பாக்கி கேமைப் பற்றி இப்படி எழுதினாள்: “நான் லினக்ஸ்காரி என்று தெரிந்ததும் கள்ளாட்டம் ஆட வந்தவள் என்று முடிவுகட்டி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே கேம் நன்றாக இருக்கலாம். வாசல் சுமார்.” மழைக் காட்சிக்குப் பேர்போன இன்னொன்றைப் பற்றி: “என் லேப்டாப்பில் மழை ஒவ்வொரு துளியாக வந்தது. இடையில் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு நனையாமல் திரும்பினேன்.” லினக்ஸுக்கென்றே செய்தது என்று சொல்லிக்கொண்டு வந்த ஒன்றைப் பற்றி: “இதன் விண்டோஸ் பிரதியை லினக்ஸில் ஏமாற்றி ஓட்டினால் இதைவிட நன்றாக ஓடுகிறது. இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்.” படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் இந்தப் பெண் பொய் எழுத மாட்டாள் என்று அந்தக் கொஞ்சம் பேருக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் எஸ்தோனியா என்ற குளிர்நாட்டில் மூன்று பேர் சேர்ந்து ‘வெள்ளைக் கணவாய்’ என்றொரு கேம் செய்துகொண்டிருந்தார்கள். பனிமலைகளில் சரக்கு லாரி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். சுடுவதற்கு யாரும் கிடையாது. துரத்துவதற்கும் யாரும் கிடையாது. லாரியும் மலையும் பனியும். அதன் முன்னோட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து சப்ரீனுக்கு வேறு நினைப்பே இல்லை. ராஜபாளையம் வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியில் பனி விழ விழ லாரி ஓட்டினால் எப்படியிருக்கும் என்று பில் போடும்போதுகூட யோசித்தாள். லினக்ஸுக்கு வருமா என்று கேட்டு அந்தக் கம்பெனிக்கு எழுதினாள்.

ஹெல்வே என்ற பெண் பதில் எழுதியிருந்தாள். லினக்ஸ் பிரதி தயார், ஆனால் வெளியிடுவதா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை என்றாள். லினக்ஸில் ஆடுகிறவர்கள் குறைவு. இருக்கிற கொஞ்சம் பேரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உங்கள் பக்கத்தில் லினக்ஸ் அமைப்பு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், சோதனைப் பிரதி அனுப்புகிறோம், ஆடிப் பார்த்து என்ன கோளாறு என்று ஒரே குரலில் சொல்லட்டும். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் லினக்ஸ் பிரதியைக் கைவிட்டுவிடுவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ‘தென்பாண்டிக் கட்டற்ற மென்பொருள் பேரவை’ என்று ஒரு போர்டைப் பார்த்தது சப்ரீனுக்கு ஞாபகம் வந்தது. அதன் மின்னஞ்சல் விலாசத்தைத் தேடி ஹெல்வேக்குக் கொடுத்தாள். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தாள்.

மறுநாளே பேரவையின் செயலாளர் காமராஜ் போன் செய்தார். அவர் ஃபிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தார். பேரவை அடிக்கடி கூட்டம் போடுவதற்கும் தன் கடைக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் கேட்காமலேயே பல கூட்டங்களில் விளக்கியிருக்கிறார்.

“நீங்கதான் கேம் ஆடுற பிள்ளையாம்மா? வெளிநாட்டுல இருந்து நம்ம பேரவைக்குக் கடுதாசி வந்திருக்கு. எல்லாம் உங்களாலதான். உங்களை மகளிர் அணித் தலைவியாப் போட்டிருக்கோம்.”

“அணியில எம்புட்டுப் பேரு சார்?”

“நீங்க வந்தா ஒருத்தரு.”

ஞாயிற்றுக்கிழமை தேரடிப் பக்கம் ஒரு சிறு கல்யாண மண்டபத்தில் கூட்டம். சப்ரீன் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் பெரிய பேனர். நடுவில் பேரவைத் தலைவர் லிங்கேஸ்வரன் கைகூப்பி நின்றார். ஓரத்தில் லினக்ஸின் சின்னமான பென்குயின், வேட்டி கட்டிக்கொண்டு அவரை வணங்கியது. ‘கணினி விளையாட்டுக் கருத்துரைப் பிரிவு தொடக்க விழா’ என்று கீழே எழுதியிருந்தது.

மேடையில், முன்னிலை வகிக்கிறவர்களின் நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மேஜை. மேஜைமேல் பட்டுத்துணி போர்த்திய ஒரு லேப்டாப். அதற்கு மாலை போட்டு, குறுக்கே சிவப்பு ரிப்பனும் கட்டியிருந்தார்கள். பேரவையிடம் லினக்ஸ் இருக்கிற லேப்டாப் அது ஒன்றுதான். யாரோ ஒரு மாணவன் ஏற்றிக்கொடுத்துவிட்டு வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டானாம். எஸ்தோனியாக்காரர்கள் அனுப்பிய கேம் அதற்குள் இருந்தது.

வரவேற்புரை நடந்தது. வாழ்த்துரைகள் நடந்தன. வந்தவர்களுக்கெல்லாம் சால்வை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டவர்கள் கீழே இறங்கியதும் சால்வையை வாங்கி மடித்து, அடுத்தவருக்குப் போர்த்தினார்கள். கடைசியாகத் தலைவர் லிங்கேஸ்வரன் எழுந்தார். ஒரு கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

“லினக்ஸ் என்றால் என்ன? அது ஓர் உணர்வு. நான் லினக்ஸைத் தொட்டதில்லை. தொடாமலேயே இத்தனை ஆண்டுகள் அதைக் காத்து வருகிறேன். தொடாமல் எப்படி வளர்ப்பது என்று சிலர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன், தொட்டவர்கள் எதை வளர்த்துவிட்டார்கள்? தொட்டவர்கள் எல்லாம் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். தொடாத நான்தான் இங்கே இருக்கிறேன்!”

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. சப்ரீனும் தட்டினாள். எதற்குத் தட்டுகிறோம் என்று பக்கத்தில் யாரிடமாவது கேட்கலாம் என்று பார்த்தாள். பக்கத்து நாற்காலிகளில் ‘மகளிர் அணி’ என்று ஒட்டியிருந்தது, ஆள் இல்லை.

பிறகு தலைவர் ரிப்பனை வெட்டினார். பட்டுத்துணியை விலக்கினார். லேப்டாப்பைத் திறந்தார்கள். அது இருட்டாகவே இருந்தது. சார்ஜ் இல்லை. சார்ஜர் பொருளாளரிடம் இருந்தது. பொருளாளர் வத்திராயிருப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

“தொடக்க விழா இனிதே நிறைவுற்றது,” என்று காமராஜ் மைக்கில் சொன்னார். நன்றியுரைக்குப் பிறகு எல்லாருக்கும் பால்கோவா கொடுத்தார்கள்.

“சார், கேமை ஆடிப் பாக்கணுமே. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்ல?” என்று சப்ரீன் காமராஜிடம் கேட்டாள்.

“அவசரப்படாதீங்கம்மா. இன்னைக்குத் தொடங்கியிருக்கோம். அதுவே பெரிய விஷயம்.”

அடுத்த ஞாயிறு பேரவை அலுவலகத்தில் ஆட்ட அமர்வு. சார்ஜர் வந்திருந்தது. சப்ரீனை லேப்டாப்புக்கு முன்னால் உட்கார வைத்து, தலைவரும் செயலாளரும் கலைச்சொல் துணைக்குழுத் தலைவர் இருளப்பசாமியும் அவளுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். இருளப்பசாமி கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது போல ஒவ்வொரு சொல்லையும் விசாரிப்பவர். கேம் என்று அவள் சொன்னதும் ‘ஆட்டம்’ என்றார். லாரி என்றதும் ‘சரக்குந்து’ என்றார். பிரேக் என்றதும் செத்த நேரம் யோசித்து, “அதை அடுத்த கூட்டத்துல வச்சிக்கிடுவோம்,” என்றார்.

லாரி புறப்பட்டது. பின்னால் இருந்தவர்களை சப்ரீன் மறந்துபோனாள். வைப்பர் பனியைத் தள்ளுகிற சத்தமும், வளைவில் டயர் லேசாக வழுக்குகிற உணர்வும், தூரத்தில் ஒற்றை விளக்கும் மட்டும் இருந்தன. முதல் மலையை ஏறி இறங்கினாள். இரண்டாவதையும் தாண்டினாள். இது நல்ல கேம், தான் நினைத்ததைவிட நல்ல கேம் என்று நெஞ்சுக்குள் ஒரு குளிர் இறங்கியது. மூன்றாவது மலையில் ஒரு பெரிய பாலம். லாரி பாலத்தின் நடுவுக்கு வந்தது. பாலம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. லாரி மட்டும் அதன் வழியாகப் புகுந்து, புகைக்குள் விழுவது போலக் கீழே போய்க்கொண்டே இருந்தது.

“டிரைவர்?” என்றார் தலைவர்.

“செத்துட்டாரு சார். ஆனா திரும்ப வந்துருவாரு.”

தலைவர் எழுந்து நின்றார். மற்றவர்களும் எழுந்தார்கள். “வரும்போது வரட்டும்மா. அதுவரைக்கும் நாம சும்மா உக்காந்திருக்க முடியாது,” என்றார். எல்லாரும் தலைகுனிந்து மௌன அஞ்சலி செலுத்தினார்கள். சப்ரீனும் எழுந்து நின்றாள். பாதி அஞ்சலியில் டிரைவர் மலையடிவாரத்தில் பிழைத்து வந்து, லாரியில் ஏறி ஹாரன் அடித்தார்.

“முடியுறதுக்குள்ள வந்து நிக்கான் பாருங்க,” என்று காமராஜ் முகம் சுளித்தார்.

சப்ரீன் மறுபடி ஓட்டினாள். அதே இடத்தில் மறுபடி விழுந்தது. மறுபடி எழுந்து நின்றார்கள். நாலாவது அஞ்சலிக்குப் பிறகு தலைவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. இனி எத்தனை முறை விழுந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே அஞ்சலி என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை முன்மொழியவும் வழிமொழியவும் ஆன நேரத்தில் சப்ரீன் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பாலம் கண்ணுக்குத்தான் இருக்கிறது, லாரிக்கு இல்லை. லினக்ஸ் பிரதியில் மட்டும் அந்தப் பாலத்தைத் திடமாக்க மறந்திருக்கிறார்கள். செய்தவர்களுக்கு அது ஒரு மத்தியான வேலை. யாராவது சொன்னால் போதும்.

அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: ‘நல்ல கேம். மூன்றாவது மலையில் பாலம் லாரியைத் தாங்கவில்லை. கீழே விழுகிறது. அதை மட்டும் சரிசெய்து வெளியிடுங்கள்.’

மாதக் கடைசி நாளன்று கருத்துரையை இறுதி செய்யும் கூட்டம். சப்ரீன் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினாள். அவள் எழுதியது தலைவர் கையில் இருந்தது. அவர் அதைத் தூரமாகவும் கிட்டேயும் பிடித்துப் படித்தார்.

“உங்க கருத்தைத்தாம்மா கேட்டோம். இது குறையால்ல வந்திருக்கு?”

“குறைதான் சார். லாரி விழுதுல்ல?”

“விழுது. யாரு இல்லைன்னா? ஆனா ஒரு வெளிநாட்டுக்காரன் நம்மளை மதிச்சு அனுப்பியிருக்கான். மொத முதல்ல ‘விழுது’ன்னு ஆரம்பிச்சா நல்லாவா இருக்கும்? நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட உன் சட்டை கிழிஞ்சிருக்குன்னு சொல்லுவோமா?”

“கிழிஞ்ச சட்டையோட பஸ் ஏறப் போறாருன்னா சொல்லணும்ல சார்?”

லிங்கேஸ்வரன் காமராஜைப் பார்த்தார். காமராஜ் இருளப்பசாமியைப் பார்த்தார். இருளப்பசாமி பேனாவைத் திறந்தார். ‘கீழே விழுகிறது’ என்பதை அடித்துவிட்டு ‘ஆழத்தைத் தொடுகிறது’ என்று எழுதினார். ‘தாங்கவில்லை’ என்பதை ‘தடுக்கவில்லை’ என்று மாற்றினார். மூவருமாகச் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் கருத்துரையை முடித்தார்கள். ‘ஆட்டம் மிக நன்று. குறிப்பாக மூன்றாம் மலையில் சரக்குந்து பாலத்தின் ஆழத்தைத் தொடும் காட்சி மெய்சிலிர்க்க வைக்கிறது. பாலம் சரக்குந்தின் விடுதலையைத் தடுக்கவில்லை என்பது கட்டற்ற மென்பொருள் கொள்கைக்கு இசைவானது.’

“ஒண்ணு விட்டுப்போச்சு,” என்றார் காமராஜ். “எந்த நிகழ்ச்சியும் தலைவர் உரை இல்லாமத் தொடங்குனது கிடையாது. ஒவ்வொரு மலையும் மட்டும் எப்படித் தொடங்கும்?”

தலைவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே மேஜையிலிருந்து உரையை எடுத்தார். எழுதியே வைத்திருந்தார். அவர் அதைப் படிப்பதைச் செல்போனில் வீடியோ எடுத்துக் கருத்துரையோடு இணைத்தார்கள். ஒவ்வொரு மலையின் தொடக்கத்திலும் உரை முழுவதுமாக ஒலிக்க வேண்டும், நடுவில் நிறுத்தவோ தாண்டவோ வசதி இருக்கக் கூடாது, அது அவையைப் புறக்கணிப்பதாகும் என்று குறிப்பும் எழுதினார்கள்.

“சார், பாலம்…” என்றாள் சப்ரீன்.

“அது உங்க தனிக்கருத்தும்மா. பேரவை கருத்துன்னு ஒண்ணு வந்த பொறவு உறுப்பினர் வெளியில தனியாக் கருத்துச் சொன்னா ஒழுங்கு நடவடிக்கை எடுக்கணும்னு விதி இருக்கு. உங்க மேல எடுக்க எனக்கு மனசு வராது,” என்றார் காமராஜ், அன்பாக.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். மாஜிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏட்டி, மீன் கொழம்பு எப்படி இருக்கு?”

“இருக்கும்மா.”

“இருக்கா?” மாஜிதா அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். “காய்ச்சல் எதுவும் இல்லியே. உப்பு கூட, புளி கொறச்சன்னு எதாவது சொல்லுவியே. அங்க என்னட்டி பண்ணுனாக உன்னய?”

சப்ரீன் தட்டைத் தள்ளி வைத்தாள். பேரவை என்றால் தன்னைவிடத் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு வந்ததுதான் அவளுக்கு உறுத்தியது.

ஹெல்வேயின் பதில் பேரவைக்கு வந்தது. காமராஜ் அதைப் பேனராக அடித்தே வைத்துவிட்டார். ‘உங்கள் மேலான கருத்துக்கு நன்றி. பாலத்தின் ஆழம் உங்களைச் சிலிர்க்க வைத்ததில் மகிழ்ச்சி. அதை இன்னும் ஆழமாக்கியிருக்கிறோம். உங்கள் நாட்டு வழக்கத்தை மதித்து, தலைவரின் உரையை அப்படியே சேர்த்திருக்கிறோம்.’

வெள்ளைக் கணவாய் லினக்ஸுக்கு வந்தது.

உலகம் முழுக்க லினக்ஸ்காரர்கள் ஆசையோடு திறந்தார்கள். திரையில் பனிமலை தெரிந்தது. லாரி தெரிந்தது. பிறகு மலைக்கு மேல் வானத்தில் லிங்கேஸ்வரனின் முகம் உதித்தது. “அவையோர் அனைவருக்கும் வணக்கம்,” என்று தொடங்கி, மலைகளின் சிறப்பு, லினக்ஸின் சிறப்பு, தம் கல்லூரி நாட்கள், தம் மகளின் முனைவர் பட்டம் என்று உரை போய்க்கொண்டே இருந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நிற்கவில்லை. முடிந்ததும் லாரி புறப்பட்டது. மூன்றாவது மலையில் பாலத்தின் வழியாக விழுந்தது. ஆழமாக்கியிருந்ததால் விழுந்து முடியவே வெகுநேரம் ஆனது. மறுபடி மலையடிவாரம். மறுபடி அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆடியவர்கள் கூடிப் பேசுகிற இணையப் பக்கத்துக்கு சப்ரீன் போய்ப் பார்த்தாள். பிரேசிலில் இருந்து ஒருவர், ‘இந்தப் பெரியவர் என்ன சொல்கிறார்? பாலத்தைக் கடக்கும் ரகசியம் அதில் இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தார். போலந்துக்காரர் ஒருவர் உரையின் முதல் பத்தியை மனப்பாடமாகச் சொல்லிப் பதிவு போட்டிருந்தார். உச்சரிப்பு காமராஜைவிட நன்றாக இருந்தது. பெரும்பாலானவர்கள் திட்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஹெல்வேயின் அறிவிப்பு. லினக்ஸ்காரர்களை எப்படித் திருப்திப்படுத்துவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர்களுடைய அமைப்பு கேட்டதைத்தான் செய்தோம். இந்த வாரத்தோடு லினக்ஸ் பிரதியைத் திரும்பப் பெறுகிறோம்.

சப்ரீன் பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் படித்தாள். ஒழுங்கு நடவடிக்கை எடுத்தால் எடுக்கட்டும் என்று நினைத்தாள். பேரவையில் எழுதிக் கொடுத்த அதே வார்த்தைகளை ஹெல்வேக்குத் தட்டினாள். பாலம் லாரியைத் தாங்கவில்லை. கீழே விழுகிறது. அதை மட்டும் சரிசெய்யுங்கள். லாரி விழுவதை வீட்டில் செல்போனில் படம்பிடித்து வைத்திருந்தாள், அதையும் இணைத்தாள்.

சாப்பாட்டு நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது. ‘இது கோளாறா? எங்களிடம் யாருமே சொல்லவில்லையே! மெய்சிலிர்க்கிறது என்றார்கள், இந்தியாவில் இப்படித்தான் ரசிப்பார்கள்போல என்று நினைத்தோம்.’ மறுநாள் பாலம் திடமானது. லினக்ஸ் பிரதியைத் திரும்பப் பெறப்போவதில்லை என்று அறிவித்தார்கள். ஆனால் உரையை நீக்கப் பேரவையின் ஒப்புதல் வேண்டும் என்றாள் ஹெல்வே. பேரவைக்கு எழுதியதற்கு, அது பற்றி ஆராய ஒரு குழு அமைக்கப்படும் என்று பதில் வந்திருந்ததாம்.

லினக்ஸ்காரர்கள் அந்தக் குழுவுக்காகக் காத்திருக்கவில்லை. பிடிக்காததைத் திறந்து மாற்றிக்கொள்கிறவர்கள்தானே அவர்கள்! உரை இருக்கிற ஒரு பைலை அழித்துவிட்டால் லாரி நேரே புறப்பட்டுவிடுகிறது என்று ஒருவர் கண்டுபிடித்துப் போட, ஒரே நாளில் எல்லாரும் அழித்துவிட்டார்கள். சப்ரீனும் அழித்தாள். அன்று சாயங்காலம் மூன்றாவது மலைப் பாலத்தை அவள் லாரி கடந்தபோது, அடுப்படியிலிருந்த மாஜிதாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“எம்புட்டு நீளமான பாலம்!” என்றாள் மாஜிதா. “இதுக்குத்தான் சோறு எறங்காம இருந்தியா?”

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. லிங்கேஸ்வரன் இறங்கினார். கையில் துணிப்பை. ஒழுங்கு நடவடிக்கைக்குத் தலைவரே நேரில் வருவார் என்று சப்ரீன் எதிர்பார்க்கவில்லை. மாஜிதா அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“உக்காருங்க சார். டீ போடட்டுமா?”

“போடுங்கம்மா. சீனி வேண்டாம்.” அவர் உட்கார்ந்து, வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். “காமராஜ் இந்தப் பக்கம் வரமாட்டான்ல?”

“அவிய எதுக்கு சார் இங்க வாராக?” என்றாள் சப்ரீன்.

துணிப்பையிலிருந்து அந்த லேப்டாப்பை எடுத்தார். மாலையின் காய்ந்த இதழ் ஒன்று இன்னும் மூடியில் ஒட்டியிருந்தது.

“புதுப் பிரதி இதுல தானாவே வந்து ஏறிக்கிடுச்சு. என் உரை எப்படி வந்திருக்குன்னு கேக்கலாம்னுதாம்மா வீட்டுக்குக் கொண்டு போனேன். கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. உரை முடிஞ்சதும் லாரி கெளம்புச்சு. சரி, செத்த நேரம் ஓட்டித்தான் பார்ப்போம்னு…” அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. “இப்ப மத்தியானம் தூங்குறதே இல்ல. வீட்ல அவ திட்டுதா. ரெண்டாவது மலையில ஒரு கொண்டை ஊசி வளைவு வரும்ல? அதுல பிரேக்கைத் தொடாமத் திருப்பிருவேன்.”

“பிரேக்கைத் தொடாமயா?” சப்ரீனால் நம்ப முடியவில்லை. அவளுக்கே அது வராது.

“தொட்டாத்தான் வழுக்கும். கியரைக் கொறச்சாப் போதும்.” அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “ஆனா ஒண்ணும்மா. ஒவ்வொரு மலைக்கும் முன்னால நான் வந்து பேசுதேன். எம்புட்டு நேரம் பேசுதேன்! ஒருதடவை கேக்கலாம், ரெண்டுதடவை கேக்கலாம். மலை இருட்டிக்கிட்டு வருது, லாரி நிக்கிது, இவன் என்னடான்னா மக முனைவர் பட்டம் வாங்குனதைச் சொல்லிக்கிட்டு இருக்கான். இதைத் தாண்டிப் போறதுக்கு ஒரு வழி இல்லையா?”

சப்ரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். உலகத்திலேயே அந்த உரையை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறவர் அவர் ஒருவர்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள். அதுவும் ஒரு கருத்துதான். வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

“குழு போட்டிருக்கீகளாமே சார்?”

“குழு வேண்டாம்மா! குழுன்னா காமராஜ் கூட்டம் போடுவான். கூட்டம்னா நான் பேசணும்.”

அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். எந்த இடத்துக்குப் போய் எந்தப் பைலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விரலால் காட்டினாள். கடைசிப் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னாள். அவர் ஒரு கணம் தயங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அழுத்தினார். கேமைத் திறந்ததும் முகம் எதுவும் உதிக்கவில்லை. வானம் வானமாகவே இருந்தது. லாரி கிளம்பியது.

“இம்புட்டுதானா?” என்றார். “இதுவா லினக்ஸு?”

“இதுவும் லினக்ஸ்தான் சார்.”

அவர் டீயை ஆறவிட்டுவிட்டு மூன்றாவது மலை முடியும்வரை ஓட்டினார். பாலத்தைக் கடந்தபோது யாரும் அஞ்சலிக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை. புறப்படும்போது லேப்டாப்பைப் பையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போனார்.

வெள்ளைக் கணவாயை லினக்ஸ் உலகுக்குத் தந்த தலைவருக்குப் பாராட்டு விழா என்று அந்த மாதமே பேனர் வந்தது. பென்குயினுக்கு இந்த முறை அங்கவஸ்திரமும் போட்டிருந்தார்கள். மகளிர் அணித் தலைவி அவசியம் வர வேண்டும் என்று காமராஜ் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பில் வேலை இருக்கிறது என்று சப்ரீன் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிடையாது. சாயங்காலம் அவள் வீட்டில் உட்கார்ந்து ஒரு புது கேமைப் பற்றி நாலு வரி எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

எதிர்முனையில் ஒலிபெருக்கியில் யாரோ முழங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்கு அடியில் லிங்கேஸ்வரனின் கிசுகிசுப்பு.

“சப்ரீன், மேடையிலதான் உக்காந்திருக்கேன். நாலாவது மலையில ரோடு ரெண்டாப் பிரியுதேம்மா. எந்தப் பக்கம்?”

“மேடையிலயா சார் ஓட்டுதீக?”

“காமராஜ் பேசிக்கிட்டு இருக்கான். நேரம் இருக்கு. சொல்லும்மா.”

ஒலிபெருக்கியில் காமராஜின் குரல் தெளிவாகக் கேட்டது: “பாருங்கள்! பாராட்டிக்கொண்டிருக்கும் இந்த வேளையிலும் நம் தலைவர் மடிக்கணினியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை! பேரவைப் பணி, பேரவைப் பணி, பேரவைப் பணி!” கைதட்டல் எழுந்தது.

“வலது பக்கமாப் போங்க சார்,” என்றாள் சப்ரீன். “இடது பக்கம் பனி சரியும்.”

“யாருட்டி போன்ல?” என்று உள்ளேயிருந்து மாஜிதா கேட்டாள்.

“தலைவரும்மா. ரோடு கேக்காக.”